அமெரிக்கக் கோழிக்கால் வந்தால் என் ஷெட் என்ன ஆகும்?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் 5,000 குஞ்சு விடும் ஷெட்டில், கம்பெனி ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்க்கிறேன். இன்னொரு ஷெட் போட வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவோடு வியாபாரப் பேச்சு என்று செய்தி வரும்போதெல்லாம், கோழிக்கால் இறங்கப்போகிறது, பண்ணையை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். கடன் வாங்கலாமா?

பதில்: அந்தக் கால் ஏன் அவ்வளவு சல்லிசு என்று முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்கர்கள் விரும்பி வாங்குவது நெஞ்சுக்கறி. கோழிக்குப் போட்ட காசில் பெரும்பங்கை அதுவே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கால் மிச்சம், என்ன விலைக்குத் தள்ளினாலும் வரவுதான். நம் ஊரிலோ பிரியாணியில் லெக் பீஸ் இல்லையென்றால் சண்டையே வரும். ஆக, நீங்கள் வளர்ப்பில் மோசம் என்பதால் வரும் போட்டி இல்லை இது.

பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007 முதல் இந்தியா இந்த இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. 2012-ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். தோற்றதில் ஆச்சரியமில்லை என்பேன். அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையில், வீரியம் குறைந்த கிருமி தென்பட்டாலும் மொத்த நாட்டுக் கோழியும் கூடாது என்றோம். அந்த வகைக் கிருமி நம் பண்ணைகளில் இருக்கிறதா என்று நாமே ஒழுங்காகத் தேடவில்லை. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சல் வந்தால், ‘அது எங்கோ கேரளத்தில், நாமக்கல் முட்டையை ஏன் நிறுத்துகிறீர்கள்’ என்று நாம் கேட்போமா இல்லையா? அவர்கள் கேட்டதும் அதே கேள்விதான்.

அப்புறம் 2016-ல், நம் சரக்குகள் மேல் வரி போட்டு ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்க அமெரிக்கா அனுமதி கேட்டது. பதிலடி கோழி மேல்தான் விழும் என்றில்லை, உங்கள் மாவட்டத்துப் பனியன் மேலும் விழலாம். 1960-களில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றினார்கள். அதற்குப் பதிலாக அமெரிக்கா சிறிய சரக்கு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்து அறுபது வருஷம் ஆகியும் லாரி வரி போகவில்லை. அந்த வரியின் நிழலில் வளர்ந்த கார் கம்பெனிகள் அதை விடுமா!

நம் வழக்கு 2023 செப்டம்பரில் சமரசமானது. உறைந்த வான்கோழி, வாத்து, சில பழங்கள் மீதான வரியைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. கோழிக்கால் அந்தப் பட்டியலில் இல்லை. கோழித் துண்டுகளுக்கு 100 சதவீத சுங்கவரி அப்படியே நின்றது. நோயைச் சொல்லி மொத்த நாட்டுக்கும் அடைத்த கதவு போய்விட்டது. இனி உங்களுக்குப் பெரிய அரண் இந்த வரிதான். அதை ஏற்றுவதும் இறக்குவதும் முழுக்க அரசியல். லட்சக்கணக்கான பண்ணையாளர்கள் இருக்கும் தொழில் என்பதால் எந்த அரசும் சட்டென்று கைவைக்காது என்பது என் கணிப்பு. அப்படியே வந்தாலும் முதலில் போவது ஹோட்டல்களுக்குத்தான். கண்ணெதிரே வெட்டினால்தான் கறி என்று நினைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவ்வளவு சீக்கிரம் ஃப்ரீசர் பக்கம் போகாது.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. தீவன விலை ஏறினால் வெளிநாட்டு மக்காச்சோளத்தை விடுங்கள் என்று கேட்பதும் நம் கோழித் தொழில்தான். 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்க அனுமதி கிடைத்தபோது நமக்கு நிம்மதி. சோயா போட்டவர்களுக்கு வயிற்றெரிச்சல். பெரம்பலூர் மக்காச்சோளக்காரரிடம் கேட்டால் உங்களையே குறை சொல்வார்.

சரி, கடன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. உங்களுக்குக் கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. பல்லடத்தில் அறிவிக்கும் கறிக்கோழி விலை சரிந்தால் அன்றைக்கே உங்கள் கூலி குறையாது. ஆனால் கோழி பிடித்த பிறகு அடுத்த குஞ்சு விடுவதைக் கம்பெனி தள்ளிப்போடும். ஆறு பேட்ச் எடுக்க வேண்டிய வருஷத்தில் நாலுதான் கிடைத்தால் தவணை எங்கிருந்து கட்டுவீர்கள்? வருஷத்துக்குக் குறைந்தது இத்தனை பேட்ச் என்று எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்ணா’ என்று சூப்பர்வைசர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நாலு பேட்ச் கூலியில் மின்கட்டணம், தரையில் விரிக்கும் தேங்காய் மஞ்சி, ஆள்கூலி போக மிச்சம் தவணைக்குக் காணுமா என்று கணக்குப் போடுங்கள். காணும் என்றால் தாராளமாகப் போடலாம். காணாது என்றால், கோழிக்கால் வராவிட்டாலும் இந்தக் கடன் வேண்டாம்.

போடுவதானால் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், பக்கவாட்டு வலை வழியாக வெயில் உள்ளே அடிக்காது. பழைய ஷெட்டை ஒட்டிக் கட்டாமல் நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.