பத்து த்ரெட்டைத் தாண்டாத பூல்

கேள்வி: பில்லை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும் வேலைக்கு ஜாவாவில் ஒரு த்ரெட் பூல் (வேலைகளைப் பங்கிட்டுச் செய்யும் த்ரெட்களின் தொகுப்பு) வைத்திருக்கிறோம். கோர், அதாவது வழக்கமாக வைத்திருக்கும் த்ரெட் எண்ணிக்கை, 10, மேக்ஸிமம் 50. லோடு எவ்வளவு ஏறினாலும் த்ரெட் டம்ப்பில் (அந்த நேரத்தில் இருக்கும் த்ரெட்களின் பட்டியல்) 10 த்ரெட்தான் தெரிகிறது, சாயங்காலம் ஆனால் அவுட் ஆஃப் மெமரி வந்து சர்வர் படுத்துவிடுகிறது. 50 என்று போட்டது என்ன ஆனது?
– ஒரு வாசகர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், டாஸ்க்குகள் காத்திருக்கும் கியூவாக, அளவு எதுவும் கொடுக்காமல் லிங்க்ட்பிளாக்கிங்கியூ போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 2004-ல் ஜாவா 5-உடன் வந்த த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டர் என்ற த்ரெட் பூல் வகுப்பு வேலை செய்யும் முறை பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. கோர் நிரம்பியதும் அடுத்த டாஸ்க் கியூவுக்குத்தான் போகும், கியூவும் நிரம்பி வழிந்தால்தான் பதினோராவது த்ரெட் பிறக்கும். அளவு கொடுக்காத கியூவில் 214 கோடிக்கும் மேல் இடம் இருக்கிறது, அது நிரம்புவதற்குள் மெமரி தீர்ந்துவிடும். எக்ஸிக்யூட்டர்ஸ் வகுப்பின் நியூஃபிக்ஸ்ட்த்ரெட்பூல் தருவதும் இதே எல்லையில்லாத கியூதான், அதனால் புரொடக்‌ஷனில் அதை நான் தொடுவதே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பில்லுக்கு சி.பி.யூ. வேலை 20 மில்லிசெகண்ட், வெளி சர்வீஸின் பதிலுக்குக் காத்திருப்பது 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு த்ரெட் நொடிக்கு 5 பில் முடிக்கும், 10 த்ரெட் என்றால் 50. நொடிக்கு 120 பில் வந்தால் 70 தேங்கும், ஒரு மணி நேரத்தில் 2,52,000! உங்கள் மெமரியைத் தின்றது இந்த மாதிரித் தேக்கம்தான்.

த்ரெட் எண்ணிக்கைக்கு சி.பி.யூ. கோர் × (1 + காத்திருக்கும் நேரம்/சி.பி.யூ. நேரம்) என்று கணக்கிடலாம். சி.பி.யூ.வில் 4 கோர் உள்ள மெஷின் என்றால் 4 × (1 + 180/20), அதாவது 40 த்ரெட் வரை தாங்கும், நொடிக்கு 200 பில் முடியும். பூலின் கோர், மேக்ஸிமம் இரண்டையும் 40 ஆக வையுங்கள். சும்மா இருக்கும் த்ரெட் கலையட்டும் என்றால் அலவ்கோர்த்ரெட்டைம்அவுட்டை ட்ரூ ஆக்கி, கீப்அலைவ் 60 நொடி கொடுங்கள். ஒரு பில் கியூவில் 2 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்றால் கியூ அளவு 400, அவ்வளவுதான். அப்புறம், ஒவ்வொரு டாஸ்க்கும் டேட்டாபேஸைத் தொடுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பூலாக வைத்திருக்கும் ஹிகாரிசிபியில் இயல்பாக 10 கனெக்‌ஷன்தான் இருக்கும், மீதி 30 த்ரெட் அங்கே போய் வரிசையில் நிற்கும்.

சரி, 400-ம் நிரம்பினால்? இயல்பான அபார்ட்பாலிசி அடுத்த டாஸ்க்கை ஏற்காமல் எக்ஸெப்ஷன் வீசும். பில் தொலையக் கூடாது என்பதால் காலர்ரன்ஸ்பாலிசியைப் போடுங்கள், டாஸ்க்கைக் கொடுத்த த்ரெட்டே அதைச் செய்யும், அதனால் உள்ளே வரும் வேகமும் தானாகக் குறையும். ஆனால் கொடுப்பது நெட்டி என்ற நெட்வொர்க் லைப்ரரியின் ஈவென்ட் லூப் த்ரெட் (ஒரே த்ரெட்டில் பல இணைப்புகளைக் கவனிப்பது) என்றால் இதைப் போடவே போடாதீர்கள், அது நின்றால் அதை நம்பியிருக்கும் எல்லாக் கனெக்‌ஷனும் நிற்கும். இன்னொன்று, பூலை ஷட்டவுன் செய்த பிறகு வரும் டாஸ்க்கை இந்தப் பாலிசி சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், அதனால் முதலில் புது பில் வருவதை நிறுத்திவிட்டு அப்புறம் பூலை மூடுங்கள்.