அடிவயிற்றில் போட்ட யூரின் டியூப்: சிஸ்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முதியோர் இல்லமொன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வழக்கமான யூரின் டியூப் போடுவதில் பழக்கம் உண்டு. இப்போது வந்திருக்கும் பெரியவருக்கு அடிவயிற்றில் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எஸ்.பி.சி. கேர்’ (அடிவயிற்று டியூப் பராமரிப்பு) என்பதைத் தவிர ஒரு வரி இல்லை. அடுத்த வாரம் டியூப் மாற்ற வேண்டும் என்கிறார் அவர் மகன். தினமும் என்ன செய்வது, மாற்றுவது எப்படி?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சிஸ்டர், டியூபைத் தொடும் முன் துளை போட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்யுங்கள். துளை போட்ட தேதி, இதுவரை டியூப் மாற்றியிருக்கிறார்களா, டியூபின் அளவு, ரப்பரா முழு சிலிகானா, டியூபை உள்ளே பிடித்துவைக்கும் பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், தோலில் தையல் உண்டா என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இவற்றில் முக்கியமானது தேதி. தோலிலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும் பாதை உறுதிப்பட வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குமுன் டியூபை உருவினால் பாதை சுருங்கி மூடிக்கொள்ளும்; புது டியூப் சிறுநீர்ப்பைக்குள் போகாமல் வேறு இடத்தில் நுழையலாம், குடலில்கூடக் காயம் படலாம். அதனால் முதல் மாற்றத்தை யூரோலஜி டாக்டர்தான் செய்ய வேண்டும். மகன் சொல்வது அந்த முதல் மாற்றம் என்றால் பெரியவரை அங்கே அனுப்பிவையுங்கள்.

தினசரி கவனிப்பு எளிது. கை கழுவி கிளவுஸ் போட்டு, சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு துளையிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். பிறகு தோலருகே டியூபைப் பிடித்துக்கொண்டு, தோலிலிருந்து யூரோ பேக் (வெளியே சிறுநீர் சேரும் பை) இருக்கும் பக்கமாகத் துடையுங்கள். அந்தப் பிடி இல்லாவிட்டால் ஒவ்வொரு துடைப்பிலும் பலூன் உள்ளே இழுபடும். நன்றாக ஈரம் ஒற்றி எடுங்கள். பவுடர், ஆயின்ட்மென்ட், தினமும் பெட்டாடின் எதுவும் வேண்டாம். ஆறிய துளைக்கு டிரஸ்ஸிங்கும் தேவையில்லை. கசிவு இருந்தால் மட்டும் வையுங்கள். டியூபை வயிற்றில் பிளாஸ்டரால் தளர்வாக ஒட்டி, ஒட்டும் பக்கத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே பக்கம் இழுபட்டால் துளையோரத்தில் சிவந்த சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வரும்.

யூரோ பேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவும் தரையில் படாமலும் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஜக்கும் கிளவுஸும் அடுத்தவருக்கு வேண்டாம்.

இனி டியூப் மாற்றுவது. பாதை உறுதிப்பட்டவருக்கு, டாக்டரின் ஆர்டர் இருந்தால், பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யலாம். ஆனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் செய்யாதீர்கள். வீடியோ பார்ப்பது இதற்குப் போதாது. பழைய டியூபைத் தொடும் முன்பே புது டியூப், 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் நிரப்பிய சிரிஞ்சு, காலி சிரிஞ்சு, ஜெல்லி, புது பேக் எல்லாம் ஸ்டெரைல் டிரேயில் தயாராக இருக்கட்டும். பலூனுக்கு நார்மல் சலைன் கூடாது; உப்பு படிந்து, பிறகு தண்ணீர் இறங்கும் வழி அடைபடும். பெரியவர்களுக்கு வழக்கமாக 16 அல்லது 18 அளவு போடுவார்கள். 16-க்கு வால்வு ஆரஞ்சு நிறம், 18-க்குச் சிவப்பு. பழையது எந்த அளவோ அதே அளவுதான்.

அரை மணி நேரம் முன்பு டியூபை கிளாம்ப் செய்தால் (கிளிப் போட்டு மூடினால்) சிறுநீர்ப்பையில் கொஞ்சம் சிறுநீர் சேரும். புது டியூப் சரியான இடத்தில் இருப்பதை அது காட்டிக்கொடுக்கும். தண்டுவடம் அடிபட்டவருக்கு மட்டும் கிளாம்ப் வேண்டாம். முன்கூட்டியே தண்ணீர் குடிக்கவைத்தால் போதும்.

பழைய டியூப் தோலைத் தொடும் இடத்தையும், அது எந்தச் சாய்வில் போகிறது என்பதையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பலூன் தண்ணீரை வெளியே எடுக்கும்போது சிரிஞ்சின் பிஸ்டனை இழுக்காதீர்கள். சிரிஞ்சைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தால் தண்ணீர் தானாக வரும். அவசரமாக உறிஞ்சினால் பலூன் மடிந்து டியூபைச் சுற்றி வரம்பு கட்டும். சிலிகானில் இது சகஜம். உருவும்போது பாதையில் சிக்கி, வலியும் ரத்தமும் வருவது இதனால்தான். சிக்கினால் பலமாக இழுக்காமல் அரை மில்லி தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுங்கள். மடிப்பு நிமிரும். பிறகு டியூபை மெல்லத் திருகியபடி, போன சாய்விலேயே உருவுங்கள்.

உருவிய கையோடு ஜெல்லி தடவிய புது டியூபை அதே சாய்வில், பழையது உள்ளே இருந்த நீளத்துக்கும் 2, 3 சென்டிமீட்டர் கூடுதலாகச் செலுத்துங்கள். அதற்கு மேல் போனால் நுனி சிறுநீர்ப்பையைத் தாண்டி மூத்திரக் குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே பலூன் விரிந்தால் அந்தக் குழாய் கிழியும். சிறுநீர் வந்த பிறகே 10 மில்லியை ஏற்றுங்கள். ஏற்றும்போது வலித்தால் நிறுத்துங்கள், தண்ணீரை இறக்குங்கள், இடத்தைச் சரிபாருங்கள். கடைசியில் தடை தெரியும்வரை மெல்ல வெளியே இழுத்து வையுங்கள். முதலில் லேசாக ரத்தம் கலந்து வரலாம். கட்டியாக ரத்தம் வந்தாலோ, அரை மணி நேரம் சிறுநீரே இறங்காவிட்டாலோ ஆஸ்பத்திரி.

டியூப் தானாக நழுவி விழுந்தால் காத்திருக்காதீர்கள், துளை ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கக்கூடும். பாதை பழையது, உங்களுக்குப் பயிற்சியும் உண்டு என்றால் உடனே அதே அளவைப் போடுங்கள். அது நுழையாவிட்டால் ஒரு அளவு சிறியதைப் போட்டு வழியைத் திறந்துவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். புதுத் துளை என்றால் சுத்தமான காஸ் வைத்து மூடி நேராக ஆஸ்பத்திரி. கட்டிலருகே எப்போதும் இரண்டு உதிரி டியூப் இருக்கட்டும். இல்ல நிர்வாகத்திடம் இதை வற்புறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி ஒருவருக்குத் துளையைச் சுற்றிக் கசிகிறது. கீழ் வழியாகவும் சிறுநீர் வருகிறது. பெரிய அளவு டியூப் போட்டால் நிற்குமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: நிற்காது, கசிவு கூடவும் செய்யலாம். மூத்திரக் குழாய் மூடப்படவில்லை என்பதால், உள்ளே அழுத்தம் ஏறினால் கீழேயும் வரும். ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். தொடைக்கடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, பேக் உயரத்தில் தொங்குகிறதா, பாட்டிக்கு எத்தனை நாளாக மலம் போகவில்லை? மலச்சிக்கல்தான் பல சமயம் காரணம், அதை யாரும் கேட்பதில்லை. இவை சரியாக இருந்து, அடிவயிறு கல்லாக இருந்தால் டியூப் அடைத்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லி, 50 மில்லி நார்மல் சலைனை அழுத்தாமல் ஏற்றிப் பார்க்கலாம். ஏறாவிட்டால் டியூப் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றிய டியூபை உடனே குப்பையில் போடாதீர்கள். கிளவுஸ் போட்ட விரல்களுக்கிடையில் நுனியை உருட்டிப் பாருங்கள். மணல் போல நெருநெருத்தால் உப்புப் படிகம். யூரியாவைப் பிரிக்கும் புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரைக் காரமாக்குவதால் அது படிகிறது. அடுத்த முறை வழக்கமான 12 வாரக் கெடுவரை காத்திருக்காமல், அடைக்கும் நாளுக்கு முன்பே மாற்றும்படி தேதி குறியுங்கள்.

மார்பு முள்ளெலும்பு ஆறிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு டியூப் அடைத்தால் பிரஷர் திடீரென ஏறும். தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை தெரிந்தால் உட்காரவைத்து, அடைப்பை உடனே நீக்கி, டாக்டரைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை அது.

கேள்வி: யூரோ பேக் ஊதா நிறமாகிவிட்டது. சிறுநீர் கலங்கலாகவும் நாற்றமாகவும் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தேவையா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்கு வருவது இது. சில கிருமிகள் சிறுநீரில் உள்ள ஒரு பொருளை நீல, சிவப்புச் சாயங்களாக மாற்றி பிளாஸ்டிக்கில் படியவைக்கின்றன. மலச்சிக்கலைச் சரிசெய்து, டியூபையும் பேக்கையும் மாற்றுங்கள். நீண்ட நாள் டியூப் உள்ள எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும் என்பதால், கலங்கலோ நாற்றமோ மட்டும் மருந்துக்குக் காரணமாகாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புப் பக்கவாட்டு வலி, புதிதாக வந்த குழப்பமான பேச்சு இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போது கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) பேக்கிலிருந்து சிறுநீர் எடுக்காதீர்கள்; டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் பழையது என்றால் முதலில் மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து எடுங்கள்.