சொல் விளக்கம்: கொரியரின் ‘ஷ்ஷி’

கேள்வி: என் மகள் பார்க்கும் கொரியத் தொடர்களில் ஒருவரை மரியாதையாக அழைக்கும்போது பெயரின் இறுதியில் ‘ஷ்ஷி’ சேர்க்கிறார்கள், எரிச்சல் வந்தாலும் ‘ஷ்ஷி’ என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா? தமிழிலிருந்து போன சொல் என்று உறவினர் ஒருவர் சாதிக்கிறாரே?
(வாசகி, தக்கலை)

பதில்: ஒரே சொல் அன்று, ஒரே ஒலியில் வந்து நிற்கும் வெவ்வேறு சொற்கள். எரிச்சலில் வருவது நம்முடைய ‘சே’யைப் போன்ற இடைச்சொல், அவ்வளவுதான். பெயருக்குப் பின் வருவதோ குலம் என்று பொருள்படும் சீன எழுத்தின் கொரிய உச்சரிப்பு. ஜப்பானியரும் அதே எழுத்தை ‘ஷி’ என்று படித்துப் பெயரோடு சேர்க்கிறார்கள். ‘கிம்’ என்னும் குடும்பப் பெயருடன் இதை ஒட்டி எழுதினால் கிம் குலத்தைக் குறிக்கும். இடம் விட்டு எழுதினால் கிம் என்ற ஆளைக் குறிக்கும். முழுப் பெயரோடோ இயற்பெயரோடோ சேர்ந்தால்தான் மரியாதை. வெறும் குடும்பப் பெயரோடு சேர்த்து விளித்தால் ஆளைத் தாழ்த்துவது போல ஒலிக்கும். மூத்தவர்களுக்கும் மேலதிகாரிக்கும் இது போதவே போதாது, அங்கே ‘நிம்’ வேண்டும். ஆகவே மகள் உங்களை ‘ஷ்ஷி’ போட்டு அழைத்தால் பூரித்துப்போக வேண்டாம்.

எனக்குச் சுவையாகப் படுவது மூன்றாவது ‘ஷ்ஷி’. இது விதையைக் குறிக்கும் தூய கொரியச் சொல். கொரிய எழுத்து முறை 1446இல் வெளியிடப்பட்டது. அதையொட்டிய காலத்து நூல்களில் இந்தச் சொல் ‘ப்ஸி’ என்று பகர ஒற்றோடு காணப்படுகிறது. பின்னர் அந்த ஒற்று தேய்ந்து மறைந்தது. ஆனால் நெல்லுக்கு ‘பியொ’ என்று சொல்லும் கொரியர், விதைநெல்லை ‘பியொப்ஷி’ என்கிறார்கள். இன்றைய ‘பியொ’விலும் இல்லாத, இன்றைய ‘ஷ்ஷி’யிலும் இல்லாத அந்த ‘ப்’, கூட்டுச்சொல்லின் நடுவே மட்டும் தங்கிவிட்டது. நாம் தனிமரத்தைத் தென்னை என்றாலும், காயைச் சொல்லும்போது பழைய ‘தெங்கு’ எட்டிப் பார்த்துத் தேங்காய் ஆவதில்லையா, அதைப் போலத்தான். விளவங்கோட்டுப் பக்கத்தில் மரத்தையே இன்றும் தெங்கு என்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கை கொரிய மொழியில் ‘சொன்’; கைத்திறன் ‘சொம்ஷி’. இந்த ‘ஷி’ விதை அன்று; ஆனால் அங்கும் பழைய ‘ப்’ உதட்டை மூட வைத்ததால்தான் ‘ன்’ ‘ம்’ ஆனது. ஒற்று போய்விட்டது, அதன் தடம் மட்டும் நிற்கிறது.

உறவினர் மனத்தில் இருப்பது ஆயுதா நாட்டு இளவரசி கதையாக இருக்கலாம். கடல் கடந்து சென்று கொரியாவில் இருந்த கயா நாட்டு அரசர் சுரோவை மணந்ததாக 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலொன்று அவளைப் பற்றிக் கூறுகிறது. கிம்ஹே கிம் குலத்தார் தங்களை அந்த இணையரின் வழியினராகக் கருதுகிறார்கள். ஆயுதாவை நம் பக்கத்து ஆய் நாடு என்று சொல்வோரும் உண்டு. பெயரொலி ஒத்திருப்பதற்கு மேல் அதற்கு வலுவான சான்று எதையும் நான் பார்த்ததில்லை. அக்கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், கிம் குலத்தார் பெயரில் ஒட்டியிருக்கும் ‘ஷ்ஷி’ அவளுடைய மரக்கலத்தில் ஏறி வந்ததாகாது. அது சீன எழுத்தோடு வந்தது.