பெற்றோல் தாங்கியை வீட்டில் பூட்டும்போது மண்ணெண்ணெய்ப் பழக்கம் வேண்டாம்

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். அப்பாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரின் பெற்றோல் தாங்கியைக் கழற்றி, கறள் சுரண்டி, இரண்டு தரம் பெயின்ற் அடித்து, வீட்டிலேயே திரும்பப் பூட்டினேன். இப்போது மீற்றர் முள் எந்நேரமும் நிறைந்த பக்கமே நிற்கிறது. டிக்கிக்குள் ஒரே பெற்றோல் மணம். வெல்டிங் கடைக்காரர், "கழற்றிக் கொண்டு வாரும், இரண்டு பொட்டு வைத்தால் சரி" என்கிறார். தரகர் ஒருவர், தாங்கி முடிந்துவிட்டது, இங்கிலாந்துத் தாங்கி எடுத்துத் தருகிறேன், பழையதைத் தாரும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தாங்கியில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பூட்டிய விதத்தில்தான் பிழை. வீட்டு முற்றத்திலேயே திருத்தலாம். ஆனால் இதை வாசித்த கையோடு காரை அடுப்படிப் பக்கத்தில் இருந்து தள்ளி வெளியே விடுங்கள், டிக்கியைத் திறந்து காற்றாட விடுங்கள், முன்னால் போய்ப் பற்றரி வயரைக் கழற்றுங்கள். அந்தக் காலத்து மைனரில் பிளஸ் பக்கம்தான் பொடியோடு, அதாவது காரின் உடல் தகட்டோடு, இணைந்திருக்கும். இன்றைய வாகனங்களில் பழகிய கை மைனஸைத் தேடும். பிளஸோ மைனஸோ, பொடிக்குப் போகிற வயர் எதுவோ அதையே முதலில் கழற்றுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வன்னியில் கார் வேலை பழகிய நாங்கள் எல்லோரும் மண்ணெண்ணெயில் பழகியவர்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்ததில் இருந்து 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை பெற்றோலைச் சின்னப் போத்தலில்தான் கண்டோம். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். தாங்கிக்குப் பக்கத்தில் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டே இரவிரவாக வேலை செய்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியைத் தரும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே தந்துவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றப் போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். நுளம்புத்திரியைப் பற்றவைக்க யாரோ தட்டும் நெருப்புக்குச்சி வரைக்கும் அது போகும். அப்பாமார் செய்ததைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதே கையோடு பெற்றோல் தாங்கியைத் தொடுவதுதான் எனக்குப் பயம்.

ஆகவே வெல்டிங் கடைப் பேச்சை இன்றோடு விடுங்கள். "தாங்கி காய்ந்து மூன்று மாதம்" என்று சொல்லுவார்கள். பெற்றோல் கறளுக்குள்ளும் தகட்டு மடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும், சூடு பட்டால் ஆவியாகி வெளியே வரும். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் வெடிக்கும்.

சரி, மீற்றருக்கு வருவோம். தாங்கிக்குள் மிதக்கும் மிதவையில் இருந்து மீற்றருக்கு ஒரே ஒரு வயர்தான் போகிறது. மறுபாதைக்குத் தாங்கியின் தகடே பொடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் விளிம்பிலும் சேர்த்து இரண்டு தரம் பெயின்ற் அடித்துவிட்டீர்கள், தொடுப்பு அறுந்துவிட்டது. இந்தப் பழைய வகை மீற்றர், தொடுப்பு அறுந்தால் நிறைந்த பக்கம்தான் காட்டும். விளிம்பில் ஒரு ஸ்குரூவின் கீழே, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெயின்ற்றைச் சுரண்டி வெள்ளைத் தகட்டைக் காணுங்கள், பொடியிலும் அப்படியே. சுரண்டும்போது பெற்றோல் உள்ளே இருக்கக் கூடாது. வயரை உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் டிக்கிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மணத்துக்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, மிதவை பூட்டும் வட்டம். அதற்குக் குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கனைப் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பலர் செய்வது அதுதான். பெற்றோலில் அது ஊதிப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். பெற்றோலுக்கென்றே விற்கும் பாக்கிங் போடுங்கள். மற்றது, பெற்றோல் ஊற்றும் கழுத்தைத் தாங்கியோடு இணைக்கும் றப்பர். தோட்டத்துக்கு இறைக்கும் பம்பின் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருந்தால் இன்றே கழற்றி எறியுங்கள். மண்ணெண்ணெய்க்குக் கொஞ்சக் காலம் தாங்கும், பெற்றோலுக்குத் தாங்காது. நிறைய ஊற்றியதும் மணம் கூடுகிறதென்றால் பெரும்பாலும் இந்தக் கழுத்துத்தான்.

இனி அந்தத் தரகர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய காருக்கு விலை ஏறியது, இவர்களும் பெருகினார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்த தாங்கி, "பெட்டியில் வந்தது" என்றார்கள். பெற்றோல் ஊற்றிய மூன்றாம் நாள் அடியில் ஒரு பொருக்கு கழன்றது. உள்ளே இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். யாரோ என்னைப்போல ஒருவரிடம் 'பழையதைத் தாரும்' என்று வாங்கிய தாங்கி அது. பழுதான ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அடிப்பக்கம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் கையை இழுக்கும். பட்டி வந்த இடத்தில் வெறுமனே வழுகும். இங்கிலாந்து, இங்கிலாந்து என்று சொல்லுவார்கள். 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அளவையும் பாருங்கள்: 1957இல் தாங்கியை 5 கலனில் இருந்து 6.5 கலனுக்கு, அதாவது ஏறத்தாழ 23 லீற்றரில் இருந்து 29.5 லீற்றருக்குக் கூட்டினார்கள். உங்களுடையது பெரியது. அதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கி வராதீர்கள்.

இதையெல்லாம் பார்க்க ஒரு ஏற்பாடும் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். வருடாவருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். அங்கே புகைக் குழாய்க்குள் கம்பி விடுகிறார்கள், தாளைத் தருகிறார்கள். தாங்கியைக் குனிந்து பார்க்க ஒருவரும் இல்லை. சனமோ அந்தத் தாளை வைத்துக்கொண்டு கார் சுகமாக இருக்கிறது என்று நம்புகிறது.

தடைக்காலத்தில் ஓடிய கார் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்ராட் எடுக்கும் பெற்றோலுக்குச் சிலர் காபரேற்றர் பக்கத்தில் இரண்டாவது சின்னத் தாங்கி வைத்து, குழாயில் ஒரு மூன்றுவழி இணைப்புப் போட்டார்கள். சின்னத் தாங்கியைப் பிறகு கழற்றினாலும் இணைப்பைக் கழற்றவில்லை. வாயில் ஒரு கட்டையையோ மடித்துக் கட்டிய சேலைன் குழாயையோ விட்டிருப்பார்கள். சேலைன் குழாய் பெற்றோலில் இறுகி வெடிக்கும், அதுவும் சூடான எஞ்சினுக்கு மேலே. அப்பாவின் காரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பும். இருந்தால் அடைக்க நினைக்காதீர்கள். இணைப்பையே எடுத்துவிட்டு, பம்பில் இருந்து காபரேற்றர் வரைக்கும் ஒரே குழாயாகப் போடுங்கள்.

திரும்பப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. டிக்கி உள்ள உங்களுடைய சலூன் வகைக் காரில் தாங்கி டிக்கிக்குள் மேலிருந்துதான் இறங்கும். கீழே குழாயைப் பூட்ட மட்டும் காரை உயர்த்த வேண்டும். சீமெந்துக் கல்லில் நிறுத்தாதீர்கள், நொறுங்கும். பாலை மரக் குற்றி வையுங்கள். இறக்குவதற்கு முன் தாங்கியின் மடிப்புகளில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, குழாய் வாயை அடைத்து, இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பக்கமாகச் சரித்து வையுங்கள். மயிரிழை ஓட்டை இருந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் கருமையாக ஊறித் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் மண்ணெண்ணெயை முழுக்க வடித்துவிட்டுப் பூட்டுங்கள்.

முதல் தடவை ஐந்து லீற்றருக்கு மேல் வேண்டாம். பற்றரியைப் பூட்டி, எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பம்ப் 'டக் டக்' என்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கிப் பக்கக் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. சாவியை மூடி அந்தக் குழாய் பூட்டிய இடத்தை இறுக்குங்கள். அன்றிரவு காருக்குக் கீழே பழைய பேப்பரை விரித்து விடுங்கள். விடிய அது காய்ந்தபடி இருந்தால், அப்புறம் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய் நிறைய ஊற்றலாம். அதுவரை பழைய றப்பர் துண்டைக்கூட அந்தத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்.