கேட்மேன் வெளியே வரவில்லை: அசையும் ரயில் மாடல்கள் பற்றிய கேள்வி-பதில்

சாரல் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் கூடிவிடும். செங்கோட்டை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று எங்கிருந்து வந்தாலும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி ஓடுகிறது, பக்கத்தில் அசைய வேண்டிய பொம்மை அசையவில்லை. இந்த முறை முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவற்றில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

"அண்ணாச்சி, எங்கள் லேஅவுட்டில் (தண்டவாளம் பதித்த மாடல் பலகையில்) ஒரு லெவல் கிராசிங் இருக்கிறது. வண்டி வந்தால் கேட் இறங்கும், குடிசையிலிருந்து கேட்மேன் விளக்கோடு வெளியே வருவார், மணி அடிக்கும். இப்போது விளக்கு மட்டும் எரிகிறது, ஆள் வருவதில்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு இனிமேல் கிடைக்காது என்கிறார்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை." (புனலூர்)

தூக்கிப் போடாதீர்கள். கேட்மேன் பொம்மை இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பழைய ஆள். அமெரிக்காவின் லயனல் 1935-லேயே தன் 45-ஆம் எண் கேட்மேனைக் கொண்டுவந்தது. அதில் போர்டே கிடையாது. காயிலில் (கம்பிச் சுருளில்) மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டு இழுபடும், கதவு திறக்கும், ஆள் வெளியே வருவார், அவ்வளவுதான். உங்களுடையது பின்னால் வந்த வகை. அதில் சின்ன மோட்டார், பல்சக்கரம், இரண்டையும் ஆட்டிவைக்கும் போர்டு என்று மூன்று இருக்கும். போர்டு போனால் பொம்மையே போய்விட்டதாக அர்த்தமில்லை. போர்டு செய்த வேலையை நம் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்துவிடலாம்.

ஆனால் போர்டுதான் குற்றவாளியா என்று முதலில் பாருங்கள். கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அப்புறம் மோட்டாரின் இரண்டு வயர்களைப் போர்டிலிருந்து எடுத்து, இரண்டு பென்சில் பேட்டரியை வரிசையாக வைத்து 3 வோல்ட் தொட்டுக் காட்டுங்கள். ஆள் வெளியே வந்தால் மோட்டாரும் பல்சக்கரமும் நலம். மோட்டார் உய்யென்று சுற்றியும் ஆள் நகரவில்லையென்றால், மோட்டார் தண்டில் இறுகியிருக்கும் குட்டிப் பல்சக்கரம் விரிந்து வழுக்குகிறது. இதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அதே பல் எண்ணிக்கையில் பித்தளைச் சக்கரம் போட்டால் தீர்ந்தது. பசை ஊற்றாதீர்கள், அது மோட்டாருக்குள் இறங்கினால் மோட்டாரும் போய்விடும்.

சரி, போர்டுதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது மின்சாரம். டிரான்ஸ்பார்மரில் ஆக்சசரிக்கென்று (கேட், விளக்கு போன்ற துணைப் பொருள்களுக்கென்று) இருக்கும் முனையில் 16 அல்லது 18 வோல்ட் ஏசி வரும். 18 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜ் டயோடு (நான்கு டயோடுகள் சேர்ந்த துண்டு) வழியாக டிசி ஆக்கி, கண்டென்சரில் நிரப்பினால் கிடைப்பது 18 அல்ல, ஏறக்குறைய 24 வோல்ட். ஏசியின் உச்சம் 1.41 மடங்கு, அதில் இரண்டு டயோடுகள் 1.4 வோல்ட்டைத் தின்னும். இந்தக் கணக்கைப் போடாமல் 25 வோல்ட் கண்டென்சரை வைத்து வெடிக்க வைத்தவர்கள் உண்டு. 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். அந்த 24-ஐப் புது போர்டுக்கு வேண்டிய 5 ஆக்குவதற்குப் பலர் கையில் முதலில் வருவது 7805 என்ற ரெகுலேட்டர் சில்லு. வேண்டாம். 200 மில்லியாம்பியர் எடுத்தாலே மிச்சமுள்ள 19 வோல்ட்டும் அதன் தலையில் விழுந்து 3.8 வாட் சூடாகும். குடிசை பிளாஸ்டிக், உருகிவிடும். எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைக்கும்) போர்டு வாங்கி, எதையும் இணைப்பதற்கு முன் திருகைத் திருப்பி மல்டிமீட்டரில் 5 வோல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு ஓர் ஆர்டுயினோ நானோ போதும், நாம் புரோகிராம் எழுதி ஏற்றும் குட்டிக் கணினிப் போர்டு அது. கேட்டுக்கும் கேட்மேனுக்கும் பழைய மோட்டாருக்குப் பதிலாக ஆளுக்கொரு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்) போடுவதைத்தான் நான் விரும்புவேன். 9 கிராம் எடை, குடிசைக்கு அடியில் பலகையில் துளை போட்டு ஒளித்துவிடலாம். எந்த இடத்தில் நிற்க வேண்டுமென்பதைச் சர்வோவே பார்த்துக்கொள்வதால் எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் தேவையில்லை. கோணத்தை ஒரே தாவலில் மாற்றாமல், ஒரு டிகிரிக்கு 33 மில்லிநொடி என்று நகர்த்துங்கள். 90 டிகிரி திரும்ப மூன்று நொடி ஆகும், ஆள் நடந்து வருவது போலிருக்கும்.

இங்கேதான் எனக்கு உண்மையான சந்தோஷம். கம்பெனி போர்டில் மணி, கேட், ஆள் மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கும். நம் ஊர் கேட்டில் அப்படியா நடக்கும்? மீட்டர்கேஜ் காலத்தில் பகவதிபுரம் பக்கம் கேட்டில் நின்று பார்த்த ஞாபகம் எனக்கு அப்படியே இருக்கிறது. முதலில் கேட்டை இறக்கிப் பூட்டுவார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. மலைக்குள் வண்டிச் சத்தம் கேட்டதும்தான் கேட்மேன் பச்சைக் கொடியோடு வந்து நிற்பார். வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை நகரமாட்டார். உங்கள் நானோவில் இந்த வரிசையை அப்படியே எழுதலாம். வெளிநாட்டில் செய்த பொம்மை உங்கள் வீட்டில் நம் ஊர்க் கேட்மேனாகிவிடும். பழைய போர்டை ஒரு கவரில் போட்டு, மாடலின் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். வேறு யாருக்காவது அதன் ஓர் உதிரி தேவைப்படலாம்.

"புது போர்டு போட்டுவிட்டேன். கேட் இறங்கத் தொடங்கியதும் நானோ அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. புரோகிராமில் தவறா சார்?" (தென்காசி)

புரோகிராமைத் தொடாதீர்கள். சர்வோவுக்கான 5 வோல்ட்டை நானோவின் முனையிலிருந்து எடுத்திருப்பீர்கள். சர்வோ கிளம்பும்போதும், எங்காவது முட்டி நிற்கும்போதும் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்து நானோ மயங்கிவிடுகிறது. சர்வோவின் சிவப்பு வயரை நேராகப் பக் கன்வெர்ட்டரில் கொடுங்கள், கறுப்போ பழுப்போ உள்ள வயரை நானோவின் கிரவுண்டோடு சேர்த்தே வையுங்கள். சர்வோவுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று. பழைய மோட்டாரையே வைத்திருப்பவர்கள் அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய செராமிக் கண்டென்சரைச் சால்டர் செய்துவிடுங்கள், பிரஷ்ஷில் எழும் பொறியால் வரும் தொந்தரவு அடங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜ் டயோடின் மைனஸையும் லேஅவுட் முழுக்க ஓடும் டிரான்ஸ்பார்மரின் பொது வயரையும் ஒன்றென்று நினைத்து முறுக்கிவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தால் ஏசியின் ஒரு பாதியில் ஒரே ஒரு டயோடு வழியாக முழு ஷார்ட் ஆகும்.

"அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய ராட்டினப் பொம்மை. பிளக்கை மாற்றிச் சொருகினோம். ஒரு நிமிடத்தில் அடாப்டரிலிருந்து வாடை வந்தது. ராட்டினமும் போய்விட்டதா?" (கடையநல்லூர்)

போயிருக்க வேண்டும் என்பதில்லை. பிளக் பொருந்திவிட்டால் வோல்ட்டேஜ் பொருந்திவிட்டது என்று எண்ணுவதால்தான் நம் பக்கத்தில் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டர் லேபிளில் 100–240 என்று இருந்தால் இங்கேயும் ஓடும். 120 மட்டும் இருந்தால் கூடாது. கனமான டிரான்ஸ்பார்மர் வகையாக இருந்தால் அதன் உள்ளே உள்ள ஃபியூஸ் உருகி, ராட்டினத்தைக் காப்பாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. 230 வோல்ட் பக்கத்தை நீங்கள் பிரிக்க வேண்டாம். லேபிளில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள்: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை ஆம்பியர், நடு முனை பிளஸ்ஸா மைனஸா. அதே வோல்ட், அதே வகை, அதே முனை, ஆம்பியர் அதற்குச் சமமோ மேலோ உள்ள ஓர் அடாப்டரை உள்ளூரில் வாங்கிக் கொடுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் மேலே கேட்மேனுக்குச் சொன்ன பேட்டரிச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

"காலையில் ஜன்னல் வெயில் பட்டதும், வண்டியே இல்லாமல் கைகாட்டி சாய்கிறது." (ஆரியங்காவு)

வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, உங்கள் ஐஆர் சென்சாருக்கு அது வண்டி மாதிரி தெரிகிறது. சென்சாரை எடுத்துவிட்டுத் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே, காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் சுவிட்ச் ஒன்றைப் புதைத்து, எஞ்சினுக்கு அடியில் சின்னக் காந்தம் ஒட்டுங்கள். அது ஒரு கணம்தான் தொட்டு விடும், எவ்வளவு நேரம் கை சாய்ந்திருக்க வேண்டும் என்பதை நானோவில் வைத்துக்கொள்ளலாம். கை சாய்ந்தால் 'போ' என்று பொருள்படும் கைகாட்டி உங்களுடையது. அதனால் இதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

"அங்கிள், நான் எட்டாம் வகுப்பு. தாத்தாவின் பேட்டரி கிரேனைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது." (தென்மலை)

கண்ணு, அது அல்கலைன் பேட்டரி கசிந்த உப்பு. கையுறை போட்டுக்கொள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பட்ஸில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடை, லேசாக நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து ஒரு நாள் காயவிடு. தகடு பச்சை பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தேய். இனி விளையாடி முடித்ததும் பேட்டரியை எடுத்துவிடு. சாரல் மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டு வை.

"எங்கள் ஸ்டேஷன் மாடலின் சத்தப் போர்டு செத்துவிட்டது. அதில் இங்கிலீஷ் அறிவிப்புதான் இருந்தது. எங்களுக்குத் தமிழும் மலையாளமும் வேண்டும், முடியுமா?" (புளியரை)

முடியும், அதுவும் சுலபமாக. டிஎஃப் பிளேயர் மினி என்ற விரல் அளவுப் போர்டு, 8 ஓம் சின்ன ஸ்பீக்கர், 32 ஜிபிக்கு மேற்படாத மெமரி கார்டு இருந்தால் போதும். கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, எம்பி3 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஒலிகளை 0001, 0002 என்ற எண்களில் வையுங்கள். நானோவிலிருந்து அதற்குப் போகும் வயரில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும்.

கொல்லம் – செங்கோட்டை பாதை 1904-இல் வந்தது. மீட்டர்கேஜ் 2010-இல் நின்று, 2018-இல் அகலப் பாதையாக முழுதும் திறந்தது. எந்தக் காலத்து ஸ்டேஷனைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீட்டர்கேஜ் காலமென்றால் ஒலிபெருக்கியைவிட, தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணிதான் பொருத்தம். 0001-இல் அதை வையுங்கள், 0002-இல் வீட்டில் யாராவது பேசிய தமிழ், 0003-இல் பக்கத்து வீட்டு மலையாளம்.