கிறிஸ்துமஸ் நாட்களில் சபைப் பொறுப்பையும் குடும்பத்தையும் ஒரு தகப்பனாக எப்படிச் சேர்த்து நடத்துகிறீர்கள்?

கேட்டவர் இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். இந்த வருடம் சபையின் கிறிஸ்துமஸ் ஏற்பாடுகளுக்கு அவர்தான் பொறுப்பு. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியவில்லை, மனைவிக்கு வருத்தம், ஆண்டவருடைய வேலை என்பதால் விடவும் மனமில்லை என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, அதே இடத்தில் நான் பதினொரு வருடம் இருந்தேன். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

பாடகர் குழுவின் பயிற்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், நாற்காலி, ஒலிபெருக்கி, காணிக்கைக் கணக்கு, வயதானவர்களை வீட்டிலிருந்து அழைத்து வர வண்டி எல்லாமே என் தலையில்தான் இருந்தது. யாரும் என் மேல் சுமத்தவில்லை. நானே ஆசையாக எடுத்துக்கொண்டேன். இப்போதும் அந்த வேலைகள் எனக்குப் பிடிக்கும். நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வரும் நாலு வயதுக் குழந்தை மேடையில் அம்மாவைத் தேடி அழ ஆரம்பிக்கும்போது, திரைக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கிக்கொள்வதைப் போன்ற சந்தோஷம் வேறு இல்லை.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது, மகன் ஒரு வயதுக் கைக்குழந்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆராதனை முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. மகன் அழுதுகொண்டே இருந்ததால் என் மனைவி அவள் அக்காவின் காரில் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது மகள் என் பக்கத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறாள், அதனால் என்னோடு வருவாள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன், மகளைக் காணோம். சரி, அம்மாவோடு போய்விட்டாள் என்று நான் நினைத்தேன். அப்புறம் எல்லாருக்கும் கைகொடுத்தேன், காணிக்கையை எண்ணினோம், நாற்காலிகளை அடுக்கினோம். மிகுந்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த மனைவி எனக்குப் பின்னால் பார்த்தாள்.

“பாப்பா எங்கே?”

திரும்பி ஆலயத்துக்கு வண்டி ஓட்டியது எனக்கு இன்றைக்கும் முழுதாக நினைவில்லை. ஜெபம்கூட வாயில் வரவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. ஆலயத்தைப் பூட்டும் பெரியவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மகள் அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவின் வெள்ளை அங்கி ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்து, தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தியிருந்தார். விளக்குகளை அணைத்துக்கொண்டே வரும்போது பார்த்தாராம். எனக்கு ஐந்து முறை போன் செய்திருக்கிறார். ஆராதனைக்காகச் சத்தத்தை நிறுத்திப் பையில் போட்ட போன் அப்படியே கிடந்தது. அந்தக் குளிரில் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், “மெதுவா தூக்குங்க தம்பி, நல்லா தூங்குது” என்றார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

தோளில் போட்டபோது மகள் பாதிக் கண் திறந்தாள். “அப்பா, எல்லாருக்கும் கைகொடுத்து முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டாள். கோபத்தோடு கேட்கவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அதுதான் என்னை உடைத்தது.

மறுநாள் காலை ஆராதனையில் வேதம் வாசிக்க வேண்டியது என் முறை. லூக்கா இரண்டாம் அதிகாரம். வழக்கம்போல் 20ஆம் வசனத்தில், மேய்ப்பர்கள் திரும்பிப் போவதோடு நிறுத்தினேன். அன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் தூங்கும்போது அதே அதிகாரத்தை எடுத்து மீதியையும் வாசித்தேன். மொத்தம் 52 வசனங்கள். குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணையில் தொடங்குகிற அந்த அதிகாரம், காணாமல்போன பிள்ளையில்தான் போய் முடிகிறது. எத்தனையோ தடவை வாசித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்குச் சொல்லப்பட்டது.

யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இயேசு அங்கேயே தங்கிவிட்டது யோசேப்புக்கும் மரியாளுக்கும் தெரியவில்லை. “பிரயாணக்காரரின் கூட்டத்திலே இருப்பாரென்று அவர்கள் நினைத்து” ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் அவர்கள் அசட்டையான பெற்றோர் இல்லை. வருடம் தவறாமல் பண்டிகைக்குப் போகிறவர்கள். சுற்றிலும் சொந்தக்காரர், தெரிந்தவர்கள், எல்லாரும் தேவனைத் தொழுதுவிட்டு வருகிறவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் பிள்ளை எங்காவது இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. நானும் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகள் ஆலயத்துக்குள்தானே இருக்கிறார்கள், நல்லவர்கள் நடுவில்தானே வளர்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். கூட்டத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தகப்பன் கூட இருக்கிறான் என்று ஆகிவிடாது.

மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது மரியாள் சொல்வது: “உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே.” இந்த ‘விசாரம்’ என்ற சொல்லில் நான் ரொம்ப நாள் நின்றிருக்கிறேன். நம் பழைய வேதாகமத் தமிழில் அது மனவேதனை. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில், மூன்றாம் அதிகாரத்தில், சபைக் கண்காணியைப் பற்றி வரும் இடத்தில் இதே சொல்தான் வேறு உருவில் வருகிறது: “ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?” அங்கே அது பொறுப்போடு கவனிப்பது. மூல மொழியில் இரண்டும் வேறு வேறு சொற்கள்தான். ஆனால் தமிழில் வாசிக்கிற எனக்கு அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைக்காக விசாரப்படத் தெரிந்தவன்தான் சபையை விசாரிக்க முடியும்.

யோசேப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. பிள்ளை கிடைத்த இடத்திலும் மரியாள்தான் பேசுகிறாள். ஆனால் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களில் நான்கு சொப்பனங்கள் அவருக்கு வருகின்றன. ஒவ்வொரு தடவையும் எழுந்து சொன்னதைச் செய்கிறார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்ததும் விடியும்வரைகூட நிற்கவில்லை, இரவிலேயே எகிப்துக்குப் புறப்படுகிறார். நான் மேடையில் நின்று அறிவிப்புகள் வாசித்த ஆண்டுகளில் யோசேப்பு என் கண்ணில் படவே இல்லை. இப்போது கிறிஸ்துமஸ் என்றாலே முதலில் அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அப்புறம் என்ன செய்தேன் என்றுதானே கேட்பீர்கள். முதலில் மனைவியிடம் உட்கார்ந்து கேட்டேன். “சபைக்கு வர்றவங்க எல்லாரும் உங்ககிட்ட பேசிட்டுப் போறாங்க. நாங்க மட்டும் வரிசையில நிக்கிறோம்” என்றாள். பல வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறாள். உங்கள் மனைவியின் வருத்தத்தை, ஊழியத்துக்கு வந்த தடை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். அது ஆண்டவர் உங்களுக்கு அனுப்பும் செய்தியாகவும் இருக்கலாம்.

போதகரிடம் பேசினேன். மனம் கோணுவார் என்று பயந்தேன், அவரோ அன்றைக்கே பொறுப்பை நாலு பேருக்குப் பிரித்துவிட்டார். நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்த எல்லாம் நடந்தது. பயிற்சிகளுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். பாட்டுத்தாளை வரிசைப்படி அடுக்கும் வேலை மகளுடையது. வேலை தாமதமாகும், பரவாயில்லை.

சபை நாட்காட்டியையும் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகள் ஆகமன காலம், அதாவது காத்திருக்கும் காலம். 25ஆம் தேதியோடு பண்டிகை முடிந்துபோவதும் இல்லை, அன்றுதான் தொடங்குகிறது. ஜனவரி 6, அதாவது கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததை நினைக்கும் எப்பிபனி திருநாள் வரைக்கும் பன்னிரண்டு நாட்களின் கொண்டாட்டம் அது. நாம் காத்திருக்க வேண்டிய நாட்களில் ஓடிவிட்டு, கொண்டாட வேண்டிய நாட்களில் களைத்துக் கிடக்கிறோம். அதனால் எங்கள் வீட்டுக் கொண்டாட்டத்தை 25க்குப் பிறகு தள்ளிவைத்தேன். சபை வேலை ஓய்ந்திருக்கும் அந்த நாட்கள் முழுக்க வீட்டுக்குத்தான். ஆகமன ஞாயிறுகளில் மாலையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பகுதி வாசித்து, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பத்து நிமிடம்தான். நீட்டினால் சின்னவன் நெளிவான்.

இந்தப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, “பைபிள்ல தேதியே இல்லையே, அப்புறம் ஏன் டிசம்பர் 25?” என்றாள். உண்மையைச் சொன்னேன். வேதத்தில் தேதி இல்லை. ரோமில் 354இல் தொகுத்த ஒரு பழைய நாட்காட்டியில் டிசம்பர் 25 என்று இருக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் சபைகள் பல இன்றும் ஜனவரி 7இல் கொண்டாடுகின்றன. சாஸ்திரிகள் மூன்று பேர் என்பதும் வேதத்தில் இல்லை, காணிக்கைகள்தான் மூன்று. அவள் விசுவாசம் ஒன்றும் ஆட்டம் காணவில்லை. அப்பாவிடம் எதையும் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டாள். தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து இயேசு கேள்வி கேட்டதும் அதே பன்னிரண்டு வயதில்தானே.

இதையெல்லாம் படித்துவிட்டு, சபைப் பொறுப்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அன்றிரவு என் மகளைக் காத்தது சபைதான். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்தான் என்னைப் பொறுத்தவரை சபை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவி முன்னமே இறந்துவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் எல்லாக் குடும்பங்களும் கிளம்பியபிறகு பூட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். அத்தனை வருடம் ஏற்பாடுகள் செய்த எனக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பண்டிகை நாளில் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். என் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றார்கள். குடும்பத்துக்காக நேரம் ஒதுக்கியபிறகுதான் சபையில் யாரெல்லாம் தனியாக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார், பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சாவியை யார் வாங்கிக்கொள்வது என்று பேச்சு வந்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது சபையில் எனக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். மகள் பாடகர் குழுவில் பாடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எல்லாரும் போனபிறகு மனைவியும் மகளும் வாசலில் நிற்பார்கள், நானும் மகனும் உள்ளே போவோம். அவனுக்குப் பத்து வயது. கையில் டார்ச் விளக்கோடு முன் வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து பார்ப்பான். “யாரும் இல்லைப்பா” என்று அவன் சொன்னபிறகுதான் விளக்கை அணைப்பேன்.