பேய் வந்தால் திகில் கதை ஆகிவிடுமா?

கேள்வி: சிறுகதைப் போட்டி ஒன்றில் அமானுஷ்யம், ஃபேன்டஸி, திகில் என்று மூன்று பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். என் கதையில் மோகினி வருகிறாள். எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மோகினி வருகிறாள் என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த மூன்று பெயர்களும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவை அல்ல. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமானுஷ்யம், ஃபேன்டஸி இரண்டும் கதை நடக்கும் உலகத்தைப் பற்றியவை. திகில் என்பது வாசகருக்கு ஏற்படும் உணர்ச்சி. அதனால் ஒரே கதை அமானுஷ்யமாகவும் திகிலாகவும் இருக்கலாம்.

முதலில் உலகத்தைப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, ரேஷன் கடையில் வரிசை நிற்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குள் நடக்கவே கூடாத ஒன்று நுழைகிறது என்றால் அது அமானுஷ்யம். ஃபேன்டஸியில் ஊரின் நடப்பே வேறு. பறக்கும் கம்பளத்தைப் பார்த்து அங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை, என்ன விலை என்று கேட்பார்கள். உங்கள் மோகினியை முதலில் பார்ப்பவர் உறைந்து நிற்கிறாரா, ‘இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாயே’ என்கிறாரா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத கதையும் உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைத் தெருவுக்குக் கடவுளே வருகிறார், காபி குடிக்கிறார். பிள்ளைவாள் அசருவதே இல்லை. அதனால் அது ஃபேன்டஸி ஆகிவிடாது. அந்தத் தெருவில் கடவுள் நடமாடுவது வழக்கமில்லை என்று வாசகருக்குத் தெரியும். அவர் அசராததில்தான் நையாண்டி பிறக்கிறது. அமானுஷ்யம் இருக்கிறது, திகில் துளியும் இல்லை.

அடுத்தது உணர்ச்சி. விக்கிரமாதித்தன் கதையில் நள்ளிரவு, சுடுகாடு, முருங்கை மரத்தில் தொங்கும் பிணம், அதற்குள் வேதாளம் என்று திகிலுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சிறுவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். வேதாளம் புதிர் போட்டதும் மனம் பயத்தை விட்டுவிட்டு விடை தேடப் போய்விடுகிறது. நிபந்தனையும் முன்பே தெரியும்: பதில் சொன்னால் வேதாளம் மரமேறும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். விதி தெரிந்த ஆபத்து பரபரப்பைத் தரும். அது எப்போது வரும், ஏன் நம்மைத் தேடி வருகிறது என்று தெரியாதபோதுதான் வயிற்றைப் பிசையும்.

உங்கள் மோகினியின் மேல் வாசகருக்கு இரக்கமோ வியப்போ மேலோங்கினால் அமானுஷ்யப் பிரிவுக்கு அனுப்புங்கள். படித்து முடித்தவர் எழுந்து கொல்லைக் கதவைத் தாழிட்டால், திகில் பிரிவு.

கேள்வி: கடைசியில் எல்லாமே மனப்பிரமை என்று முடித்தால் அது எந்த வகை? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிரெஞ்சில் எழுதிய விமர்சகர் ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வெளியிட்ட நூல் இதற்கு உதவும். மனப்பிரமை போன்ற இயற்கையான விளக்கம் கிடைத்துவிட்டால் கதை ஒரு பக்கம் சேரும். இயற்கைக்குப் புதிய விதிகளை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும் என்றால் மறுபக்கம் சேரும். இரண்டுக்கும் நடுவே வாசகர் தயங்கி நிற்கும் வரைதான் அது தனி வகை என்பது அவர் வாதம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ அந்தத் தயக்கத்தைக் கடைசி வரை விடுவதில்லை. கதை சொல்பவர் எழுத்தாளர், தூக்கம் கெட்டவர். அவரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நமக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

பிரமை என்று முடிப்பதானால் அதற்கான தடயங்கள் முன்பாதியிலேயே இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். கதாநாயகர் நெடுநாள் சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்தியவர் என்பது கடைசிப் பத்தியில்தான் தெரியவந்தால் வாசகர் ஏமாந்ததாக நினைப்பார், அது நியாயமும்கூட. பேயை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பார்க்கும் காட்சியை வைத்துவிட்டால், பிரமை என்ற முடிவு பிறகு ஒட்டாது.

கேள்வி: பேயே இல்லாமல் திகில் எழுத முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: தாராளமாக. மனிதனே போதும். வெளியே தாழிட்ட அறையும் பாதி திறந்த கிணறும்கூடப் போதும். தப்பிப்பாரா என்று பக்கத்தைப் புரட்ட வைத்தால் அது பரபரப்புக் கதை. தப்பித்த பிறகும் அச்சம் விடாவிட்டால் திகில்.

கேள்வி: என் திகில் கதையைப் படித்தவர்கள் யாரும் பயப்படவில்லை. எங்கே தவறு? (வாசகி, ஈரோடு)

பதில்: பெரும்பாலும் பேய் சீக்கிரம் வந்துவிடுவதுதான் காரணம். 2000 சொல் கதை என்றால் முதல் 500 சொற்களில் வீடு, சமையல், சண்டை சச்சரவு மட்டும் இருக்கட்டும். பிறகு மூன்று அறிகுறிகள் வையுங்கள். முதலாவதற்குச் சாதாரணக் காரணம் இருக்க வேண்டும்: பூனை, காற்று, எலி. இரண்டாவதில் அந்தக் காரணம் லேசாக ஆட்டம் காணட்டும். பூனை ஒரு மாதம் முன்பே செத்துப்போனது என்று பேச்சுவாக்கில் தெரியட்டும். மூன்றாவதற்கு எந்தக் காரணமும் வேண்டாம்.

பேயைத் தலைமுதல் கால்வரை வர்ணிக்காதீர்கள். ஈரமான முந்தானை நுனி தரையில் இழைவது போதும். ‘திடீரென்று’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அது வரப்போகும் அதிர்ச்சிக்கு வாசகரைத் தயார்செய்து கெடுக்கிறது.

நடுவில் மந்திரவாதி வந்து, எலுமிச்சம்பழம் எத்தனை, எந்த அமாவாசை, எந்தத் திசை என்று பட்டியல் போடும் இடத்தையும் கவனியுங்கள். அந்த நிமிடமே பேய்க்கு விதி வந்துவிடுகிறது. அதன்பின் கதை பேயை வெல்லும் சாகசமாக மாறும். அதுவும் நல்ல கதைதான், ஆனால் திகில் வேண்டுமென்றால் அந்தப் பட்டியலில் ஒன்றாவது பலிக்காமல் போக வேண்டும், ஏன் பலிக்கவில்லை என்பது மந்திரவாதிக்கே தெரியக் கூடாது.